பாயின்டரின் தலையில் ஒரு டேக்: கர்னல் அதை எங்கே கழற்ற வேண்டும், எங்கே தொடக் கூடாது

பெங்களூரில் பெல்லந்தூர், மாரத்தஹள்ளி பக்கம் போன் சிப்புக்கு டிரைவர் எழுதும் டீம்களில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறைய. கோயம்புத்தூரிலும் திருநெல்வேலியிலும் படித்துவிட்டு வந்து லினக்ஸ் கர்னல் வேலையில் சேர்கிறார்கள், சேர்ந்த கொஞ்ச நாளில் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். யூசர் ப்ரோகிராம் அனுப்பிய ஒரு பாயின்டர், அதாவது மெமரியில் ஒரு இடத்தின் முகவரியைச் சுமக்கும் எண். ப்ரோகிராமுக்குள் அதை வைத்துப் படித்தாலும் எழுதினாலும் எந்தக் குறையும் இல்லை. அதையே ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலிடம் கொடுத்தால் மட்டும் "அப்படி ஒரு இடமே இல்லை" என்று பிழை திரும்பி வருகிறது. "அண்ணா, பழைய போர்டில் ஓடுது, புது போனில் இன்வாலிட் ஆர்க்யுமென்ட்னு வருது, டிரைவர்ல ஒரு வரி கூட மாத்தலையே" என்று கேட்பார்கள். டிரைவரில் மாறவில்லை என்பது உண்மைதான், பாயின்டர் மாறிவிட்டது.

அடிப்படையிலிருந்து வருவோம். 64 பிட் கணினியில் பாயின்டரின் நீளம் 64 பிட், ஆனால் முகவரிக்கு அத்தனையும் தேவைப்படுவதில்லை. போன்களில் இருக்கும் ஆர்ம்64 வகை ப்ராசசரில் ஓடும் லினக்ஸில் வழக்கமான அமைப்பில் 48 பிட் போதும், அதிலேயே ஒரு ப்ராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ரோகிராமுக்கு) 256 டெராபைட் முகவரி வெளி கிடைத்துவிடுகிறது. மேலே மிச்சம் கிடக்கும் பிட்கள் யூசர் முகவரியில் எல்லாம் 0, கர்னல் முகவரியில் எல்லாம் 1. இப்படிச் சும்மா கிடக்கும் இடத்தில் ஏதாவது பயனுள்ள குறிப்பை எழுதி வைக்கலாமே என்பதுதான் டேக் செய்த பாயின்டரின் யோசனை. ஆர்ம்64 ப்ராசசரில் டாப் பைட் இக்னோர் என்று ஒரு வசதி உண்டு, சுருக்கமாக டிபிஐ. அதை இயக்கினால், மெமரியைத் தொடும்போது ஹார்டுவேர் பாயின்டரின் மேல் 8 பிட்டைப் பார்க்கவே பார்க்காது, அங்கே எது எழுதியிருந்தாலும் அதே இடத்துக்குத்தான் போகும். யூசர் ப்ரோகிராம்களுக்கு லினக்ஸ் இதை எப்போதும் இயக்கியே வைத்திருக்கிறது.

சரி, அங்கே என்ன எழுதுவார்கள்? முக்கியமான பயன், மெமரிப் பிழைகளைப் பிடிப்பது. சி, சி++ ப்ரோகிராமில் ஒரு துண்டு மெமரியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் பழைய பாயின்டரை வைத்துக்கொண்டு அதைத் தொடுவது மிக மோசமான பிழை, பாதுகாப்பு ஓட்டைகளில் பெரும் பங்கு இந்த இனத்தைச் சேர்ந்தது. எம்டிஇ என்று சொல்லப்படும் மெமரி டேக்கிங் எக்ஸ்டென்ஷன் ஆர்ம் 8.5 பதிப்பில் வந்தது இதற்காகத்தான். மெமரியின் ஒவ்வொரு 16 பைட்டுக்கும் 4 பிட் அளவில் ஒரு டேக் இருக்கும், பாயின்டரின் 56 முதல் 59 வரையுள்ள பிட்களிலும் 4 பிட் டேக் இருக்கும், இரண்டும் ஒத்துப்போனால்தான் அணுகலாம். மெமரியைத் திருப்பிக் கொடுத்ததும், மெமரியைப் பங்கிட்டுத் தரும் அலோகேட்டர் அந்த இடத்தின் டேக்கை மாற்றிவிடும். பழைய பாயின்டர் பழைய டேக்கோடு வந்து நிற்கும், மாட்டிக்கொள்ளும். டேக்கைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தால் 16ல் ஒரு முறை தப்பிக்க வாய்ப்பு உண்டு, ஆனாலும் லட்சக்கணக்கான போன்களில் ஓடும் ஒரு ப்ரோகிராமில் அந்தப் பிழை ரொம்ப நாள் ஒளிந்திருக்க முடியாது. லினக்ஸ் 5.10ல், 2020 இறுதியில், யூசர் ப்ரோகிராம்களுக்கான எம்டிஇ ஆதரவு சேர்ந்தது. எம்டிஇ இல்லாத சிப்பில் மென்பொருள் வழியாகவே இதே வேலையைச் செய்யும் எச்டபிள்யூஏசான் என்ற கருவியும் இருக்கிறது, அது மேல் பைட்டின் 8 பிட்டையும் டேக்காக எடுத்துக்கொள்ளும்.

ஆண்ட்ராய்டு 11 இதற்கு முன்னேற்பாடாக ஒரு காரியம் செய்தது: கர்னல் ஆதரவு உள்ள ஆர்ம்64 போன்களில், ஹீப்பிலிருந்து (ப்ரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரியிலிருந்து) வரும் பாயின்டர்களின் மேல் பைட்டில் ஒரு நிலையான எண்ணை வைக்கத் தொடங்கியது. எதையும் சோதிப்பதற்காக அல்ல, இப்படிப்பட்ட பாயின்டர்களுக்கு ஆப்களும் டிரைவர்களும் முன்கூட்டியே பழகட்டும் என்பதற்காக. மேலே அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு விடை இதுதான். புது போனில், மெமரி வாங்கித் தரும் மேலாக் என்ற சார்பு (ஃபங்ஷன்) கொடுத்த பாயின்டரே டேக்கோடுதான் பிறக்கிறது.

இப்போது கர்னல் பக்கம். பெங்களூர் முகவரி ஒன்று எழுதிய கூரியர் கவரை எண்ணிக்கொள்ளுங்கள், "4வது கிராஸ், 12வது மெயின்" என்ற வரிக்கு முன்னால் அனுப்பியவர் தன் கணக்குக்காக ஏதோ ஒரு எண்ணைக் கிறுக்கியிருக்கிறார். கொண்டுபோகும் பையன் அதைக் கண்டுகொள்ளாமல் வீட்டுக்குப் போய்விடுவான். ஆனால் ஆபீசில் இருப்பவர் அந்த முழு வரியையும் அப்படியே கணினியில் அடித்துத் தேடினால் "அப்படி முகவரி இல்லை" என்றுதான் வரும். பையன் ஹார்டுவேர், ஆபீஸ்காரர் கர்னலின் சி கோடு.

கர்னல் ஒரு யூசர் பாயின்டரை வைத்துச் செய்வது இரண்டே வகை வேலை. ஒன்று, அந்த இடத்துக்குப் போய்ப் படிப்பது அல்லது எழுதுவது. மற்றது, பாயின்டரை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு ஒப்பிடுவது, கழிப்பது, பட்டியலில் தேடுவது. போவதற்கு டேக் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஒப்பிடுவதற்கு டேக் போயே ஆக வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணாகப் பார்க்கும் முதல் இடம் ஆக்சஸ்_ஓகே என்ற கர்னல் சார்பு. யூசர் கொடுத்த முகவரியும் நீளமும் யூசர் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது இதன் வேலை. இது சின்ன விஷயமே அல்ல. 2017ல் லினக்ஸ் 4.13ல் வெயிட்ஐடி என்ற சிஸ்டம் காலில் (ப்ரோகிராம் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பில்) இந்த ஒரு சோதனை விட்டுப்போனது, சாதாரண யூசர் ஒருவர் கர்னல் மெமரிக்குள்ளேயே எழுத முடிந்தது. அதனால் இந்தச் சோதனையைத் தளர்த்துகிறோம் என்றால் கை நடுங்கத்தான் வேண்டும். டேக் செய்த பாயின்டரை எண்ணாகப் பார்த்தால் மேல் பைட்டில் ஏதோ இருப்பதால் அது மிகப் பெரிய எண், 256 டெராபைட் எல்லையை எங்கேயோ தாண்டி நிற்கும், சோதனை "கூடாது" என்று சொல்லும், யூசருக்கு இ-ஃபால்ட் என்ற "தவறான முகவரி" பிழை போகும்.

இரண்டாவது இடம், ஒரு முகவரி எந்த மெமரிப் பகுதியில் விழுகிறது என்று தேடும் ஃபைண்ட்_விஎம்ஏ. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் அதன் மெமரிப் பகுதிகளின் பட்டியலை கர்னல் வைத்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தொடக்கமும் முடிவும் உண்டு, எல்லாமே டேக் இல்லாத எண்கள். டேக்கோடு தேடினால் எல்லாப் பகுதிகளையும் தாண்டிய முகவரி என்று ஆகிவிடும், ஒன்றும் கிடைக்காது. மூன்றாவதாக, டிரைவர்கள் தாங்களே போடும் கணக்குகள்: 12 பிட் வலப்பக்கம் தள்ளிப் பக்க எண் எடுப்பது, ஒரு பஃபரின் முகவரியைச் சாவியாக வைத்து ஹேஷ் டேபிளில் தேடுவது, இரண்டு பஃபர்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்ப்பது. இங்கேதான் பிழை அதிகம் ஒளிந்திருக்கும், ஏனென்றால் இதைப் பொதுவான கர்னல் கோடு எதுவும் உங்களுக்காகச் சரிசெய்து தராது.

லினக்ஸ் 5.4ல், 2019 நவம்பரில், ஆர்ம்64க்கு இதற்கென ஒரு ஒப்பந்தம் வந்தது. அதற்கு முன்பு விதி எளிது: சிஸ்டம் காலுக்குக் கொடுக்கும் பாயின்டரில் டேக் இருக்கக் கூடாது. 5.4க்குப் பிறகு, ஒரு த்ரெட் (ப்ராசஸுக்குள் ஓடும் ஒரு தனி இழை) பிஆர்-கண்ட்ரோல் என்ற சிஸ்டம் கால் வழியாக "நான் டேக் செய்த பாயின்டர் தருவேன்" என்று முன்கூட்டியே அறிவித்தால் கர்னல் ஏற்றுக்கொள்ளும். ஃபோர்க் செய்து தன்னை நகலெடுத்தால் இந்த அறிவிப்பு பிள்ளை ப்ராசஸுக்கும் போகும், எக்ஸெக் செய்து வேறு ப்ரோகிராமை ஏற்றினால் அழிந்துவிடும். பழைய நடத்தையை நம்பி எழுதிய ப்ரோகிராம் எதுவும் திடீரென்று வேறு மாதிரி ஓடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த முன் அறிவிப்பு, இது நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

டேக்கைக் கழற்றும் வேலையைச் செய்வது அன்டேக்டு_அட்ரஸ் என்ற சார்பு. பார்க்க ஒரு வரிதான், ஆனால் நுணுக்கம் அதில்தான் இருக்கிறது. மேல் 8 பிட்டையும் பூஜ்யமாக்கினால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. மேல் பைட்டைப் பார்க்காமல் விட்ட பிறகு, இது யூசர் முகவரியா கர்னல் முகவரியா என்று ஹார்டுவேர் எதை வைத்து முடிவு செய்கிறது? 55வது பிட்டை வைத்து. 0 என்றால் யூசரின் பேஜ் டேபிள் (முகவரியை நிஜ மெமரி இடமாக மாற்றும் அட்டவணை), 1 என்றால் கர்னலின் பேஜ் டேபிள். அதனால் இந்தச் சார்பும் 55வது பிட்டைத்தான் பார்க்கிறது: அந்த பிட்டை மேல் 8 இடங்களுக்கும் பரப்பி, கிடைத்ததை மூல பாயின்டரோடு ஆண்ட் செய்கிறது. யூசர் முகவரியாக இருந்தால் மேல் பைட் பூஜ்யமாகும். கர்னல் முகவரியாக இருந்தால் எதுவும் மாறாது, வந்தது வந்தபடியே நிற்கும், அது பெரிய எண்ணாகவே இருப்பதால் எல்லைச் சோதனையில் தோற்கும். சோதிக்கும் கோடும் மெமரியைத் தொடும் ஹார்டுவேரும் ஒரே பாயின்டரைப் பற்றி ஒரே முடிவுக்கு வர வேண்டும், இல்லையென்றால் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் தாக்குபவர் நுழைவார். அப்புறம், ப்ராசசர் ஊகித்து முன்னோடியாக இயங்கும்போது சோதனையின் முடிவு வருவதற்கு முன்பே மெமரியைத் தொட்டுவிடக்கூடும் என்பதால், இப்போதைய ஆர்ம்64 கர்னல் யூசர் மெமரியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் 55வது பிட்டைத் தானே அழித்துவிடுகிறது. யார் என்ன கொடுத்திருந்தாலும் அந்த முகவரி கர்னல் பக்கம் போகவே போகாது.

அடுத்த கேள்வி நியாயமானது: சிஸ்டம் கால் நுழைவிலேயே எல்லா ஆர்க்யுமென்ட்டிலும் டேக்கைக் கழற்றிவிட்டால் உள்ளே யாருக்கும் தலைவலி இல்லையே?

முதல் சிக்கல், கர்னலுக்கு எல்லாப் பாயின்டரும் ஆர்க்யுமென்ட்டாக வருவதில்லை. டிரைவரிடம் நேரடியாக வேலை சொல்லும் ஐஆக்டில் அழைப்பில் ஒரு ஸ்ட்ரக்சரின் (பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பின்) முகவரி வரும், அந்த ஸ்ட்ரக்சருக்குள் இன்னும் நாலு பாயின்டர்கள் இருக்கும், எது பாயின்டர் எது சாதாரண எண் என்று அந்த டிரைவருக்கு மட்டுமே தெரியும். நுழைவில் நிற்கும் பொதுக் கோடுக்குத் தெரிய வழியே இல்லை. இரண்டாவது இன்னும் முக்கியம். எம்டிஇ சிங்க் முறையில் (டேக் பொருந்தாத அணுகலை அங்கேயே நிறுத்தும் முறையில்) இயங்கும் ப்ராசஸ் ஒன்று, ஏற்கெனவே திருப்பிக் கொடுத்துவிட்ட பஃபரை ரீட் சிஸ்டம் காலுக்குத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாயின்டரில் டேக் அப்படியே இருந்தால், கர்னல் அந்த யூசர் மெமரியில் எழுதப் போகும்போது ஹார்டுவேர் டேக்கை ஒப்பிட்டுப் பார்த்துத் தடுக்கும், ப்ரோகிராமுக்கு இ-ஃபால்ட் போகும், பிழை வெளியே வரும். நுழைவிலேயே டேக்கைக் கழற்றிவிட்டால் அந்த ஒப்பீடு பொருளற்றுப் போகும். பாதுகாப்புக்காகப் போட்ட டேக்கை வசதிக்காக நாமே பிடுங்கி எறிந்த மாதிரி ஆகும். இந்தச் சோதனைக்கு கர்னல் முழு உத்தரவாதம் தருவதில்லை, பிழையைப் பிறகு தெரிவிக்கும் அசிங்க் முறையில் கர்னலின் அணுகல்கள் சோதிக்கப்படுவதும் இல்லை, ஆனால் கிடைக்கிற இடத்தில் அதைக் கெடுக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. ஆகவே யூசர் மெமரியிலிருந்து படிக்கும் காப்பி_ஃப்ரம்_யூசர், அங்கே எழுதும் காப்பி_டு_யூசர் இரண்டுக்கும் யூசர் கொடுத்த பாயின்டரை அப்படியே கொடுங்கள். எல்லைச் சோதனைக்காக டேக்கைக் கழற்ற வேண்டியதை அவை உள்ளுக்குள் தாங்களே பார்த்துக்கொள்ளும்.

டேக்கை ஏற்கவே கூடாத இடங்களும் இருக்கின்றன, பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 5.4 வந்த புதிதில் மெமரி இடம் கேட்கும் அழைப்புகளான எம்மேப், எம்-ரீமேப், பிஆர்கே ஆகியவையும் மேல் பைட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டன. அதனால் லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜி-லிப்சியின் மேலாக் உடைந்தது. 56 பிட்டுக்கு மேற்பட்ட முகவரியை பிஆர்கேயிடம் கேட்டால் கர்னல் மறுக்கும் என்று நம்பி அந்தக் கோடு எழுதப்பட்டிருந்தது. கர்னலோ மேல் பைட்டை உதறிவிட்டு, வேறொரு இடத்தைக் கேட்டதாக எடுத்துக்கொண்டு சரி என்றது. இதைத் திருத்தி, புது இடம் கேட்கும் அழைப்புகளில் டேக்கைக் கழற்றுவதில்லை என்று முடிவு செய்தார்கள். எம்-அன்மேப், எம்-அட்வைஸ் போன்றவற்றில் டேக் இருக்கலாம், ஏனென்றால் அவை ஏற்கெனவே இருக்கும் மெமரியைப் பற்றிப் பேசுகின்றன, அந்த மெமரியின் பாயின்டர் டேக்கோடுதான் யூசர் கையில் இருக்கும். புது இடம் கேட்பவரிடம் அந்த நியாயம் கிடையாது.

இதற்கு ஒரு படி மேலே போனது யூசர்ஃபால்ட்எஃப்டியின் கதை. ஒரு மெமரிப் பகுதியைப் பதிவு செய்துவைத்தால், அங்கே பேஜ் ஃபால்ட் (தொட்ட பக்கம் தயாராக இல்லாத நிலை) வரும்போது கர்னல் ப்ரோகிராமுக்குச் செய்தி அனுப்பும் வசதி அது. பதிவு செய்யும்போது டேக் செய்த பாயின்டரை ஏற்றுக்கொண்டு டேக்கைக் கழற்றியது, பிறகு செய்தி அனுப்பும்போது டேக் இல்லாத முகவரியை அனுப்பியது. ப்ரோகிராமின் பார்வையில் டேக்கோடு இருப்பதுதான் முகவரி. நான் பதிந்த எல்லைக்கு வெளியே ஃபால்ட் வந்திருக்கிறதே என்று அது குழம்பியது. 5.14ல் இதைத் திருத்தி, டேக் செய்த பாயின்டரை அங்கே ஏற்கவே வேண்டாம் என்று ஆக்கினார்கள். யூசரிடமிருந்து வாங்கிய முகவரியைப் பிற்பாடு யூசரிடமே திருப்பித் தரப்போகிறீர்கள் என்றால், கர்னல் கணக்குக்கு டேக் இல்லாத எண் ஒன்றும், திருப்பித் தர யூசர் கொடுத்த அதே மதிப்பு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது டேக் இருந்தால் ஆரம்பத்திலேயே தெளிவாக மறுத்துவிடுங்கள். பாதி ஏற்பது மட்டும் கூடாது.

கர்னல் த்ரெட்டும் ஒரு தனித் தொல்லை. யூசர் த்ரெட் டேக் அனுமதி வாங்கியிருக்கிறது, ஆனால் பின்னணியில் நடக்கும் அசிங்க் ஐஓ வேலையை அதன் சார்பில் ஒரு கர்னல் த்ரெட் செய்கிறது, அந்தத் த்ரெட்டுக்கு அந்த அனுமதிக் கொடி கிடையாது. இதற்காகவே ஆர்ம்64ல் ஆக்சஸ்_ஓகே, ஓடுவது கர்னல் த்ரெட் என்றால் கொடியைப் பார்க்காமலே டேக்கைக் கழற்றிச் சோதிக்கும்படி எழுதினார்கள். உங்கள் டிரைவர் வேலையை வொர்க் க்யூவில் (கர்னல் த்ரெட் பிறகு எடுத்துச் செய்யும் வரிசையில்) போடுகிறது என்றால், யாருடைய மெமரியை யார் பெயரில் தொடுகிறோம் என்று ஒரு தடவை உட்கார்ந்து வரைந்து பார்த்துவிடுங்கள்.

இன்டெல், ஏஎம்டி கணினிகளின் எக்ஸ்86 பக்கம் வந்தால் கதை கொஞ்சம் வேறு. இன்டெலின் லாம் என்ற வசதிக்கு லினக்ஸ் 6.4ல், 2023ல், ஆதரவு வந்தது. இதில் 57 முதல் 62 வரை 6 பிட்கள் டேக்குக்கு. 63வது பிட்டை மட்டும் தொட முடியாது, யூசரா கர்னலா என்று அதை வைத்தே தெரிந்துவிடும், இது புத்திசாலித்தனமான வடிவமைப்பு. ஆனால் எந்த பிட்டைக் கழற்றுவது என்ற மாஸ்க் ப்ராசஸுக்கு ப்ராசஸ் மாறும். இப்போது ஓடும் ப்ராசஸின் முகவரிக்கு ஒரு சார்பு, வேறொரு ப்ராசஸின் முகவரிக்கு அதன் மெமரி விவரத்தையும் சேர்த்துக் கேட்கும் இன்னொரு சார்பு. டிபக்கர் மாதிரி அடுத்தவர் மெமரியைப் பார்க்கும் கோடில் முதல் சார்பைப் போட்டால் தவறான மாஸ்க் வந்துவிடும், ஆர்ம்64ல் மட்டும் சோதித்தால் அது தெரியவே தெரியாது. 2023 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாம் வ்ரைய பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்லாம் என்ற தாக்குதலைக் காட்டினார்கள், மேல் பிட்களைக் கண்டுகொள்ளாத வசதிகள் ஊக இயக்கத் தாக்குதலுக்குப் புது வழி திறக்கின்றன என்று. அதன் பிறகு 6.12ல், சிபியு பாதுகாப்புகளோடு கட்டப்படும் வழக்கமான கர்னல்களில் லாம் அணைக்கப்பட்டது.

சரி, டிரைவர் எழுதும் கை என்ன செய்ய வேண்டும்? யூசர் ஸ்ட்ரக்சரை ஒரே தடவை கர்னல் மெமரிக்குக் காப்பி செய்யுங்கள். டேக்கைக் கழற்றிச் சோதித்துவிட்டு, அதே பாயின்டரை யூசர் மெமரியிலிருந்து மறுபடி படித்துப் பயன்படுத்தினால், நடுவில் இன்னொரு த்ரெட் அதை மாற்றியிருக்கலாம், சோதனை வீண். ஒப்பிடும், தேடும், கணக்குப் போடும் வரிக்கு நேர் முன்னால் கழற்றி, அதை வேறு பெயருள்ள மாறியில் வையுங்கள். மூல மாறியை மேலெழுதாதீர்கள், கீழே யாராவது காப்பி_டு_யூசர் போடும்போது அவருக்கு டேக்கோடு உள்ளது வேண்டும். கோடு ரிவ்யூவில் பாயின்டரை அன்சைன்ட் லாங் என்ற முழு எண்ணாக மாற்றும் ஒவ்வொரு வரியையும் நின்று பாருங்கள், எண்ணாகப் பயன்படுத்தும் இடங்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். 5.4ல் ஏஎம்டி ஜிபியு டிரைவர், வீடியோ பஃபர் கோடு, சாதனங்களை யூசர் ப்ரோகிராமிடம் ஒப்படைக்கும் விஎஃப்ஐஓ என்று பல இடங்களில் திருத்தம் சேர்ந்தது, அந்த மாற்றங்களைத் தேடிப் படியுங்கள், ஒவ்வொன்றும் சில வரிகள்தான். சோதித்துப் பார்க்க எம்டிஇ உள்ள போன் கையில் வேண்டும் என்று அவசியம் இல்லை, கணினியைப் போலவே நடிக்கும் கெமு மென்பொருளின் விர்ட் மெஷினில் எம்டிஇயை இயக்கினால் லேப்டாப்பிலேயே போதும். மேலாக் கொடுத்த பாயின்டரின் மேல் பைட்டில் ஏதாவது ஒரு எண்ணைப் போட்டு உங்கள் ஐஆக்டில் ஒவ்வொன்றையும் அழையுங்கள், பிஆர்-கண்ட்ரோல் அனுமதி வாங்கி ஒரு தடவை, வாங்காமல் ஒரு தடவை, பிறகு 55வது பிட்டை மட்டும் 1 ஆக்கி ஒரு தடவை. கடைசியில் சொன்னதற்கு எப்போதும் பிழைதான் திரும்ப வேண்டும், அங்கே வெற்றி என்று வந்தால் அன்றைக்கு வேறு வேலையைத் தொடாதீர்கள்.